கண்ணுக்குத் தெரியாத புகைபோக்கி!

சுட்டிகளே! உங்கள் வீட்டில் புகைபோக்கி இருக்கிறதா?

"எங்கள் வீட்டில் விறகு அடுப்பே கிடையாது. அப்புறம் புகைபோக்கி எதற்கு?" என்றுதானே கேட்கிறீர்கள்? சரிதான். கீழ்க்கட்டளையில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் மொட்டை மாடியில் தெரிவது தண்ணீர்த் தொட்டியும் துணி காயும் கொடியும்தான். மடிப்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எங்கே போனாலும் இதே காட்சிதான். புகையைக் காணோம்!

ஆனாலும் உங்கள் வீட்டுக்கு ஒரு புகைபோக்கி இருக்கிறது. அது உங்கள் மாடியில் இல்லை. வெகு தூரத்தில் இருக்கிறது. நீங்கள் ஹாலில் ஃபேன் சுவிட்சைத் தட்டினால், அந்தப் புகைபோக்கிக்கும் கொஞ்சம் வேலை வந்துவிடும். எப்படி? வாருங்கள், கரன்ட் வரும் வழியைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போவோம்!

கப்பலில் வரும் கரி

ஒடிசா மாநிலத்தில் தால்ச்சர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பூமியைத் தோண்டி நிலக்கரி எடுக்கிறார்கள். அது ரயிலில் ஏறிப் பாரதீப் துறைமுகத்துக்குப் போகிறது. அங்கிருந்து கப்பலில் ஏறி, வங்காள விரிகுடா வழியாக நம் எண்ணூருக்கு வந்து சேருகிறது. பக்கத்தில் அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல் மின் நிலையத்தில் அந்தக் கரியை எரிக்கிறார்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் கொதித்து நீராவியாகிறது. நீராவி பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. மின்சாரம் பிறக்கிறது!

கரி எரியும்போது கரியமில வாயுவும் பிறக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆனால் அது வானத்தில் ஒரு கம்பளிப் போர்வை போல நின்று, பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் உலகம் சூடாகிக்கொண்டே வருகிறது.

நம் மாநிலத்தில் நல்ல மின்சாரமும் உண்டு. கன்னியாகுமரி பக்கம் முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. இவை கரியமில வாயுவை விடாமல் மின்சாரம் தருகின்றன. என்றாலும் இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால், இன்றும் பெரும்பகுதி மின்சாரம் கரியிலிருந்துதான் வருகிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. இந்த 700 கிராமை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அது வரும்!

ஒரு கிலோ வாயு எவ்வளவு பெரிசு?

"காற்றுக்கு என்ன கிலோ கணக்கு?" என்று சிரிக்காதீர்கள். காற்றுக்கும் எடை உண்டு. ஒரு கிலோ கரியமில வாயுவைப் பிடித்து அடைத்து வைக்க 500 லிட்டருக்கும் கொஞ்சம் அதிகமான இடம் வேண்டும். மொட்டை மாடியில் கறுப்பாக ஒரு 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அது நிறைய!

ஆகவே இனிமேல் 'ஒரு கிலோ' என்று படித்தால், மனதில் ஒரு கறுப்புத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு புதிர். சமையல் காஸ் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ காஸ். அது முழுவதும் எரிந்து தீர்ந்தால் வெளியாகும் கரியமில வாயு எவ்வளவு தெரியுமா? சுமார் 42 கிலோ! 14 கிலோ போட்டு 42 கிலோ எப்படி வந்தது?

விடை இதோ: காஸ் எரியும்போது அதிலுள்ள கரி அணு ஒவ்வொன்றும், காற்றிலிருந்து இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களைக் கையில் பிடித்துக்கொள்கிறது. அந்த ஆக்ஸிஜனின் எடையும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் மூன்று மடங்கு! பெட்ரோலுக்கும் இதே கதைதான். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ இருக்கும். எரிந்தால் வருவது 2.3 கிலோ.

நமக்கு என்ன வந்தது?

கீழ்க்கட்டளை ஏரியைப் பார்த்திருப்பீர்கள். அது நிரம்பினால் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். பிறகு கடல். இது பழைய காலத்திலிருந்து தண்ணீர் நடந்து போகும் பாதை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலகம் முழுவதும் பாதுகாக்க வேண்டிய நீர்நிலைகளின் பட்டியல் அது.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்கள். முடிச்சூரில் படகு விட்ட கதையைச் சொல்வார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் தண்ணீரில் நின்றது உங்களில் பலருக்கே நினைவிருக்கும்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தண்ணீர் போகும் பாதையிலும் அது தங்கும் இடத்திலும் நாம் வீடும் ரோடும் கட்டிவிட்டோம். இரண்டாவது, வானம். காற்று ஒரு டிகிரி சூடானால், முன்பைவிட 7 சதவீதம் அதிக ஈரத்தை அதனால் சுமக்க முடியும். சுமப்பது அதிகமானால், கொட்டும்போதும் மொத்தமாகக் கொட்டும். முதல் காரணத்தைச் சரிசெய்ய அரசும் ஊரும் முனைய வேண்டும். இரண்டாவது காரணத்தில் உலகத்திலுள்ள எல்லா வீட்டுக்கும் பங்கு உண்டு. உங்கள் வீட்டுக்கும்தான்!

"வெளிநாட்டுக்காரர்கள்தானே அதிகமாகப் புகை விடுகிறார்கள்?" என்று ஒரு சுட்டி கேட்கலாம். நியாயமான கேள்வி! ஒரு அமெரிக்கரின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு சேருகிறது. ஒரு இந்தியரின் கணக்கில் சேருவது சுமார் 2 டன். அவர்கள்தான் அதிகம் குறைக்க வேண்டும். ஆனால் நம் நாட்டுக்குள்ளேயும் எல்லா வீடும் ஒன்றா? ராத்திரி முழுக்க மூன்று அறையில் ஏ.சி. ஓடும் வீடும் இருக்கிறது. ஒரே ஒரு ஃபேனில் நான்கு பேர் தூங்கும் வீடும் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஏ.சி. இல்லை, பைக் இல்லை, அப்பா பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார் என்றால், இந்தப் பாடத்தில் நீங்கள் ஏற்கெனவே முதல் ரேங்க்! யாரையும் குற்றம் சொல்ல இந்தக் கணக்கைப் போடவில்லை. எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்கத்தான் போடுகிறோம்.

கணக்குப் போடலாமா?

கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழ்க்கட்டளையில் ஒரு வாடகை வீடு. அம்மா, அப்பா, அக்கா, தம்பி என்று நான்கு பேர். ஏ.சி. இல்லை. ஃப்ரிட்ஜ், டி.வி., மூன்று ஃபேன், தண்ணீர் மோட்டார், ஒரு பைக். ஒரு மாதத்துக்கு அவர்கள் கணக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

* மின்சாரம் 150 யூனிட்: 105 கிலோ
* காஸ், ஒரு சிலிண்டர் 40 நாள் வருகிறது: சுமார் 32 கிலோ
* பைக்குக்கு 15 லிட்டர் பெட்ரோல்: சுமார் 35 கிலோ

மொத்தம் 172 கிலோ. அதாவது 172 கறுப்புத் தொட்டிகள். மாதாமாதம்! சாப்பிடும் பொருள், உடுத்தும் துணி, வாங்கும் சாமான் எல்லாம் தனி.

இதில் பாதிக்கு மேல் எதிலிருந்து வருகிறது, பார்த்தீர்களா? மின்சாரத்திலிருந்து! ஆகவே நம் துப்பறியும் வேலையை மின்மீட்டரிலிருந்தே தொடங்கலாம்.

மீட்டர் கண் சிமிட்டும் ரகசியம்

உங்கள் வீட்டு மின்மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிவதைக் கவனித்திருக்கிறீர்களா? மின்சாரம் எவ்வளவு வேகமாகச் செலவாகிறதோ, அவ்வளவு வேகமாக அது கண் சிமிட்டும். ஒருநாள் அம்மா அயர்ன் பாக்ஸ் போடும்போது போய்ப் பாருங்கள். படபடவென்று சிமிட்டும்! எல்லாவற்றையும் நிறுத்தினால் தூங்கி வழியும். (பார்க்க மட்டும்தான். மீட்டர் பெட்டியைத் தொடவே கூடாது!)

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. "செல்போன் சார்ஜரை பிளக்கிலேயே விடாதே, கரன்ட் போகும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எவ்வளவு போகும்? போன் மாட்டாத சார்ஜர் மாதம் முழுக்கச் சொருகியிருந்தாலும் கால் யூனிட்கூடத் தாண்டாது. அதே டி.வி.க்குக் கீழே உட்கார்ந்திருக்கும் செட்டாப் பாக்ஸைப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்துவிட்டால் அது தூங்கிவிட்டது என்று நினைக்கிறோம். பல செட்டாப் பாக்ஸ்கள் அப்போதும் சுமார் 10 வாட் குடித்துக்கொண்டே இருக்கும். தினம் ஐந்து மணி நேரம் டி.வி. பார்த்து, மீதி 19 மணி நேரமும் அது சும்மா விழித்திருந்தால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட 6 யூனிட் காலி. 4 தொட்டி!

சார்ஜரை எடுப்பது நல்ல பழக்கம். ஆனால் அதோடு 'கடமை முடிந்தது' என்று உட்கார்ந்துவிட்டால், பெரிய திருடன் பின்வாசல் வழியாகப் போய்விடுவான். இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பாடம்: எது சின்னது, எது பெரியது என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும்!

பைசா செலவில்லாத ஐந்து வேலைகள்

நம் கற்பனை வீட்டுக்கே திரும்பிப் போவோம். அங்கே அக்காவும் தம்பியும் சேர்ந்து ஐந்து வேலை செய்கிறார்கள்.

1. காலி அறையில் ஃபேன் வேண்டாம். சாதாரண ஃபேன் சுமார் 75 வாட். ஆள் இல்லாத அறையில் தினம் நான்கு மணி நேரம் சுற்றினால் மாதத்துக்கு 9 யூனிட். நிறுத்தினால் மிச்சம் 6 கிலோ. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பாட்டி படுத்திருக்கும் அறையில் ஃபேனை நிறுத்துவதற்குப் பெயர் சிக்கனம் இல்லை. சித்திரை வெயிலில் காற்று வேண்டியவர்களுக்குக் காற்று வேண்டும்!

2. செட்டாப் பாக்ஸைச் சுவிட்சிலேயே அணைப்பது. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மிச்சம் 4 கிலோ.

3. மோட்டார் காவல். மாடியிலிருந்து சடசடவென்று தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கிறதா? தொட்டி நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். ஒரு குதிரைத் திறன் மோட்டார் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கும். தினம் பத்து நிமிடம் வழிந்தால் மாதம் 5 யூனிட் வீண். மிச்சம் 3.5 கிலோ. தண்ணீரும் மிச்சம்! கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருக்களில், அந்த லாரி ஒரு லிட்டர் டீசல் எரித்தால் 2.7 கிலோ கரியமில வாயு வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. மூடியும் ஊறவைப்பதும். பருப்பையும் கடலையையும் முன்கூட்டியே ஊற வைத்தால் சீக்கிரம் வேகும். பாத்திரத்தை மூடி வைத்தால் சூடு வெளியே ஓடாது. குக்கரில் வைத்தால் இன்னும் நல்லது. கொதி வந்த பிறகு தீயைக் குறைத்தால் போதும். தீ பெரிதாக இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகிவிடாது! இப்படிச் செய்து, 40 நாள் வரும் சிலிண்டர் 45 நாள் வந்தால் மாதம் 3.5 கிலோ மிச்சம். அடுப்பு அம்மாவின் வேலை மட்டும்தானா? ராத்திரியே கடலையை ஊறப் போடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாமே!

5. பள்ளிக்கு நடை. பள்ளி ஒரு கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா காலையில் கொண்டுவிட்டுத் திரும்புகிறார். மாலையில் வந்து அழைத்துப் போகிறார். எத்தனை கிலோமீட்டர்? இரண்டு என்றால் தப்பு. நான்கு! மாதம் 20 நாளுக்கு 80 கிலோமீட்டர். சுமார் 4 கிலோ கரியமில வாயு. நடந்து போனால் அது மிச்சம். ஆனால் இருநூறு அடி ரேடியல் ரோடு மாதிரி வண்டிகள் பறக்கும் சாலையைத் தனியாகக் கடக்க வேண்டாம். பெரியவர் ஒருவரோடு, தெருப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போங்கள். தூரமான பள்ளி என்றால் பஸ்ஸும் வேனும் பைக்கைவிட நல்லவை. ஒரே எஞ்சின், நிறைய பிள்ளைகள்!

கூட்டுங்கள் பார்க்கலாம்: 6, 4, 3.5, 3.5, 4. மொத்தம் 21 கிலோ. 172-ல் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு! புதிதாக ஒரு பொருள்கூட வாங்காமல்! கரன்ட் பில்லும் பெட்ரோல் செலவும் குறைந்ததில் அப்பாவுக்கும் சந்தோஷம்.

கடைக்குப் போனால்...

இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம். வீட்டில் புதிதாக ஒரு சாமான் வாங்கும்போது, அது இனிப் பத்து வருஷம் எவ்வளவு கரி எரிக்கும் என்பதையும் சேர்த்தே வாங்குகிறோம்.

முதலில் ஃபேன். பி.எல்.டி.சி. என்ற புதுவகை ஃபேன் 75 வாட்டுக்குப் பதில் சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. தினம் 12 மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனுக்கு மாதம் 16 யூனிட் மிச்சம். 11 கிலோ! விலை கொஞ்சம் கூடத்தான். அதனால் ஓடும் ஃபேனைக் கழற்றி எறியச் சொல்லாதீர்கள். "பழசு கெட்டுப்போய் அடுத்து வாங்கும்போது இதைப் பார்க்கலாம்ப்பா" என்று சொல்லி வையுங்கள்.

ஃப்ரிட்ஜ், ஏ.சி. மீது நட்சத்திரம் போட்ட ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்கள். இந்த நட்சத்திரத் திட்டம் நம் நாட்டில் 2006-ல் தொடங்கியது. 2023 முதல் சீலிங் ஃபேனுக்கும் கட்டாயமானது. நட்சத்திரம் கூடினால் கரன்ட் குறையும். எல்லோரும் நட்சத்திரத்தை மட்டும் எண்ணுவார்கள். நீங்கள் கெட்டிக்காரர் ஆயிற்றே! ஸ்டிக்கரில் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று ஃப்ரிட்ஜில் எழுதியிருக்கும். அந்த நட்சத்திரம் எந்த ஆண்டுக்கானது என்றும் இருக்கும். ஏனென்றால் விதிகளை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரம், புது விதிப்படி மூன்று நட்சத்திரம் ஆகிவிடலாம்!

ஏ.சி. உள்ள வீட்டுச் சுட்டிகளுக்கு ஒரு சேதி. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தி அமைப்பு சொல்கிறது. 24-ஐ 26 ஆக்கி, கூடவே ஃபேனை மெதுவாகச் சுற்ற விடுங்கள். ராத்திரிக்கு 8 யூனிட் எடுக்கும் ஏ.சி.யில் ஒரு யூனிட் குறையும். தினம் 700 கிராம். மாதம் 21 கிலோ! மேலே ஐந்து வேலை செய்து சேர்த்ததை, இந்த ஒரே வேலை சேர்த்துவிட்டது பார்த்தீர்களா?

அடுத்து பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. பிளாஸ்டிக் பை கால்வாயை அடைக்கும், ஏரியில் மிதக்கும், மாடு தின்றுவிடும். ஆகவே துணிப்பைதான் சரி. ஆனால் ஒரு துணிப்பை செய்யப் பருத்தி விளைய வேண்டும், நூற்க வேண்டும், நெய்ய வேண்டும். அதற்கெல்லாம் ஆற்றல் செலவு. ஒரு பருத்திப் பையை நூறு தடவைக்கு மேல் கடைக்குக் கொண்டுபோனால்தான், கரியமில வாயுக் கணக்கில் அது மெல்லிய பிளாஸ்டிக் பையை ஜெயிக்கும் என்று இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல் சொன்னது. அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை வீட்டில் பத்து இருக்குமே! அதையே கிழியும்வரை எடுத்துப் போங்கள். புதுப் பை எதற்கு?

பழசுக்கு ஒரு சந்தை

நம் ஏரியாவுக்கு ஒரு பெருமை இருக்கிறது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சந்தை கூடும். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே நடக்கிறது! பழைய நாற்காலி, கட்டில், சைக்கிள், ரேடியோ, செடி, புத்தகம், நட்டு, போல்ட் என்று கிடைக்காத சாமான் இல்லை. ஒருவருக்கு வேண்டாதது இன்னொருவருக்குப் பொக்கிஷம்.

இதற்கும் கரியமில வாயுவுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பொருளைச் செய்யும்போதே நிறைய வாயு வெளியாகிவிடுகிறது. செல்போனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மொத்தக் கணக்கில் பெரும்பங்கு, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தொழிற்சாலையில் செய்யும்போதே முடிந்துவிடுகிறது. சார்ஜ் போடுவது அதில் ரொம்பக் கொஞ்சம்! ஆகவே ஒரு போனை இரண்டு வருஷத்துக்குப் பதில் நான்கு வருஷம் வைத்திருந்தால், ஒரு புது போன் செய்யும் புகை நின்றுபோகிறது. அக்காவின் சைக்கிளுக்குப் புது டயர் போட்டு ஓட்டுவது, அண்ணன் போட்ட சட்டையைத் தம்பி போடுவது, மிக்ஸியைத் தூக்கிப் போடாமல் ரிப்பேர் செய்வது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இதில் வெட்கம் எதற்கு? காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

தட்டில் மீந்த சோறு

பெருங்குடி குப்பைக் கிடங்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை மாநகரின் இரண்டு பெரிய குப்பைமேடுகளில் ஒன்று. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்துப் புகைந்தது. அணைக்கப் பல நாள் ஆயிற்று.

குப்பை மேட்டில் ஏன் தீ பிடிக்கிறது? மீந்த சோறு, காய்த் தோல், வாழையிலை எல்லாம் மலைபோலக் குவியும்போது உள்ளே காற்று போகாது. காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் என்ற வாயு உண்டாகும். அது சட்டென்று தீப்பற்றும். தீப்பற்றாமல் வானத்துக்குப் போனாலும் ஆபத்துதான். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு அதிகமாகச் சூட்டைப் பிடித்து வைக்கும்!

நெல் விளையும் வயலிலும், தண்ணீர் தேங்கிய சேற்றில் மீத்தேன் உண்டாகிறது. ஆக, தட்டில் மீதி வைக்கும் சோற்றுக்கு இரட்டைக் கணக்கு. வயலில் ஒரு தடவை, குப்பை மேட்டில் ஒரு தடவை. எனவே முதலில் கொஞ்சம் போட்டுக்கொண்டு, வேண்டுமானால் மறுசோறு கேளுங்கள். ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு! காய்த் தோலையும் பூவையும் ஒரு மண் தொட்டியில் போட்டு, மேலே கொஞ்சம் மண்ணும் காய்ந்த சருகும் தூவி வந்தால் உரம் ஆகும். காற்றுப் படுவதால் மீத்தேன் வராது. அதில் ஒரு தக்காளிச் செடி வைத்துப் பாருங்களேன்!

உங்களுக்குத் தெரியுமா?

* சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது.

* 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் அறை ஏ.சி.களைப் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது.

* சென்னையில் 2025 முதல் மாநகர் மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன.

நம் ஒரு வீட்டால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வி இதுதான். பெரியவர்களே கேட்பார்கள். இதற்குப் பதிலை ஒரு குண்டு பல்பு சொல்லும். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு 60 வாட் குண்டு பல்புதான். இன்று அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. 2015-ல் மத்திய அரசு 'உஜாலா' திட்டத்தில் குறைந்த விலைக்கு எல்.இ.டி. பல்பு கொடுக்கத் தொடங்கியது. 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் வீடுகளுக்குப் போயின. நிறையப் பேர் வாங்க வாங்க, கடையிலும் விலை இறங்கியது. இன்று குண்டு பல்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் மாற்றியது ஒரே ஒரு பல்புதான்!

ஆமாம், வீடுகள் மட்டும் போதாது. கரிக்குப் பதில் காற்றும் சூரியனும் வேண்டும், பஸ் நிறைய வேண்டும், கீழ்க்கட்டளை வழியாகப் போகும் மெட்ரோ ரயில் வேண்டும். அவை அரசு செய்ய வேண்டியவை. பெரியவர்களானதும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை. ஆனால் தன் வீட்டு மீட்டரையே பார்க்காதவருக்கு ஊர்க் கணக்கைக் கேட்கத் தெரியாதே!

இந்த வார வேலை

ஒரு நோட்டு எடுங்கள். ஞாயிறு காலை 8 மணிக்கு மீட்டரில் யூனிட் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். எண்கள் மாறி மாறி வந்தால், எது யூனிட் என்று பெரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் மறுபடி எழுதுங்கள். கழித்தால் வருவது ஒரு வாரச் செலவு. அதை 0.7-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோ, அதாவது எத்தனை கறுப்புத் தொட்டி என்று தெரியும். இந்த முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். இரண்டாவது வாரம் மேலே சொன்னவற்றில் மூன்று வேலை மட்டும் செய்து பாருங்கள். இரண்டு வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டுங்கள்.

ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். காஸ் ரெகுலேட்டர், மோட்டார் வயர் பக்கம் போகாதீர்கள். யாரிடமும் "ஃபேனை ஏன் போட்டீங்க?" என்று சண்டை போடாதீர்கள். கணக்கை மட்டும் காட்டுங்கள். மீதியை அது பேசும்!

என்ன சுட்டிகளே, நோட்டும் பென்சிலும் ரெடியா? போய் அந்தச் சிவப்பு விளக்கு எவ்வளவு வேகமாகக் கண் சிமிட்டுகிறது என்று பாருங்கள்!